கோப்பி மூட்டையிலிருந்து யாழ்தேவி வரை: இலங்கையில் புகையிரதப் பாதை விரிந்த வரலாறு

இலங்கையின் முதலாவது புகையிரதம் 1864 டிசம்பர் 27 அன்று கொழும்பிலிருந்து அம்பேபுசை வரை ஓடியது. தூரம் 54 கி.மீ. அடுத்த அறுபது, எழுபது ஆண்டுகளில் இந்தப் பாதை மலைநாடு, தெற்குக் கரை, வடக்கு, மன்னார், கிழக்கு எனப் பிரிந்து பிரிந்து சென்று நாட்டின் பெரும்பாலான நகரங்களைத் தொட்டது. இன்று இலங்கையில் ஏறத்தாழ 1,500 கி.மீ. நீளப் பாதை இருக்கிறது. அதில் மிகப் பெரும் பகுதி 1930ஆம் ஆண்டுக்கு முன்பே போடப்பட்டுவிட்டது என்பது பலருக்கும் வியப்பைத் தரும்.

அரசாங்கத் தமிழில் இதன் பெயர் புகையிரதம். பேச்சில் யாழ்ப்பாணத்தவருக்கும் மலையகத்தவருக்கும் அது கோச்சி. கரியில் ஓடிய காலத்தில் கரிக்கோச்சி. சிங்கள மக்களும் ‘கோச்சிய’ என்றுதான் சொல்வார்கள். ஆங்கிலத்துச் சொல் ஒன்று மூன்று சமூகத்தின் வாயிலும் ஒரே விதமாக மாறியிருக்கிறது. இக்கட்டுரையில் இரண்டு சொற்களையும் கலந்தே எழுதுகிறேன்.

கோப்பிக்காகப் போட்ட பாதை

இப்பாதை பயணிகளுக்காகப் போடப்பட்டதல்ல. 1840களில் கண்டியைச் சுற்றிய மலைகளில் கோப்பித் தோட்டங்கள் பெருகின. விளைந்த கோப்பியை மாட்டு வண்டிகளில் ஏற்றிக் கொழும்புத் துறைமுகத்துக்குக் கொண்டுவரப் பல நாள்கள் பிடித்தன. மழைக் காலத்தில் வண்டிகள் சேற்றில் புதைந்தன. மாடுகள் நோயில் இறந்தன. இலண்டன் சந்தையில் கிடைக்கும் இலாபத்தில் கணிசமான பங்கு கடுகண்ணாவை இறக்கத்திலேயே கரைந்துபோகிறது என்று தோட்டத்துரைமார் முறையிட்டார்கள்.

1845இல் இதற்கென ஒரு கம்பனி அமைக்கப்பட்டது. பணம் திரளாமல் இழுபட்டது. 1858 ஓகஸ்ட் மாதம் தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் முதல் மண்வெட்டு வெட்டினார். அதன் பிறகும் கணக்குகள் ஒத்துவராமல் கம்பனியின் ஒப்பந்தம் முடிவுக்கு வந்தது. அரசாங்கமே பொறுப்பை ஏற்றது. இதனால் இலங்கையின் புகையிரதம் தொடக்கத்திலிருந்தே அரசாங்கச் சொத்தாக இருந்துவருகிறது. அதே காலத்தில் இந்தியாவில் பல தனியார் கம்பனிகள் தனித்தனியே பாதை போட்டுக்கொண்டிருந்ததை மாணவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பொறியியலாளர் கில்ஃபர்ட் மோல்ஸ்வேர்த்தின் மேற்பார்வையில் பாதை 1867இல் கண்டியை அடைந்தது. றம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவை வரையுள்ள ஏற்றத்தில் ஏறத்தாழ 45 அடி முன்னே போனால் ஓர் அடி மேலே ஏற வேண்டும். பாறையைக் குடைந்தும் மலைச்சரிவைச் செதுக்கியும் அந்த வேலையைச் செய்தவர்களில் தென்னிந்தியத் தொழிலாளர்கள் ஏராளம். மலேரியாவிலும் வாந்திபேதியிலும் அவர்களில் பலர் மாண்டார்கள். கடுகண்ணாவையைக் கோச்சியில் கடக்கும்போது எல்லோரும் ஜன்னல் பக்கம் சாய்ந்து பள்ளத்தாக்கைப் பார்ப்பார்கள். நான் பாறையில் உளி பட்ட தழும்புகளையும் பார்ப்பதுண்டு.

பாதை கண்டிக்கு வந்து இரண்டே ஆண்டில், 1869இல், கோப்பி இலையில் செம்மஞ்சள் நிறப் பூஞ்சண நோய் தென்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி அழிந்தே போனது. எதற்காகப் பாதை போட்டார்களோ அந்தப் பயிர் இல்லை, பாதை இருக்கிறது. அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. கோப்பியை விட உயரமான மலைகளிலும் தேயிலை நன்றாக வளர்ந்ததால் பாதையும் அதைத் துரத்திக்கொண்டு மேலே ஏறியது. 1874இல் நாவலப்பிட்டி, 1884இல் ஹட்டன், 1885இல் நானுஓயா, 1894இல் பண்டாரவளை, 1924இல் பதுளை. பட்டிப்பொல நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,890 மீற்றர் உயரத்தில் இருக்கிறது; நாட்டில் இதைவிட உயரத்தில் வேறு நிலையம் இல்லை. தெமோதரையில் பாதை ஒரு முழு வளையம் போட்டு, நிலையத்துக்குக் கீழேயே சுரங்கம் வழியாக நுழைந்து போகிறது. இன்று வெளிநாட்டவர் படமெடுக்க மொய்க்கும் ஒன்பது வளைவுப் பாலமும் அதற்கு அருகில்தான் உள்ளது.

கரையோரத்தில் மனிதர்கள்

ஆள்களை ஏற்றிச் செல்வதே முதல் வேலையாக அமைந்தது கரையோரப் பாதையில்தான். 1877இல் பாணந்துறை, 1894இல் காலி, 1895இல் மாத்தறை என்று அது தெற்கே நீண்டது. மொறட்டுவையிலும் பாணந்துறையிலும் வீடு, கொழும்பில் வேலை. காலையில் போய் மாலையில் திரும்பும் வாழ்க்கை முறை இலங்கைக்கு அறிமுகமானது இப்படித்தான். ‘சீசன் டிக்கட்’ என்ற சொல்லும் கூடவே வந்தது. அலை தெறிக்கும் தூரத்தில் தண்டவாளம் ஓடும் அந்தப் பாதையில் நின்றபடியே முப்பது ஆண்டுகள் பயணம் செய்து ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்களை நான் அறிவேன்.

எல்லாப் பாதைகளும் நிலைக்கவில்லை. களனிப் பள்ளத்தாக்கு வழியாக அவிசாவளைக்கும் பின்னர் இரத்தினபுரிக்கும் அப்பாலும் குறுகிய பாதை ஒன்று சென்றது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலைக்கு இன்னொன்று. பேருந்தும் லொறியும் வந்தபின் இராகலைப் பாதை 1940களில் கைவிடப்பட்டது. களனிப் பாதையில் அவிசாவளை வரையான பகுதி மட்டும் மிஞ்சியது; அது 1990களில் அகலப் பாதையாக மாற்றப்பட்டது.

வடக்கே வந்த கோச்சி

யாழ்ப்பாணத்தவர் கொழும்புக்குப் போவதென்றால் முன்பு இரண்டே வழி. தீவைச் சுற்றிவரும் கப்பலில் போகலாம். அல்லது வன்னிக் காட்டின் ஊடாக வண்டியில், கால்நடையாகப் போகலாம். காட்டு வழியில் காய்ச்சல், கரடி, யானை. கடல் வழியில் காற்று. புகையிரதம் வேண்டும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் யாழ்ப்பாணத்தில் கூட்டங்கள் நடந்தன, மகஜர்கள் எழுதப்பட்டன, சட்டநிரூபண சபையிலும் பேசப்பட்டது. ஆள் நடமாட்டமில்லாத காட்டினூடாகப் போகும் பாதைக்கு வருமானம் எங்கிருந்து வரும் என்பதே எதிர்த்தவர்களின் கேள்வி.

இறுதியில் இரு முனைகளிலிருந்தும் வேலை நடந்தது. காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையில் 1902இல் கோச்சி ஓடத் தொடங்கியது. அப்போது தெற்கேயிருந்து வந்த பாதை குருநாகலுக்கு அப்பால் காட்டில் நின்றது. ஆகவே இரண்டு மூன்று ஆண்டுகள் யாழ்ப்பாணத்துக் கோச்சி நாட்டின் மற்றப் பாதைகளோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் தனக்குள்ளேயே போய்வந்துகொண்டிருந்தது. 1905இல் இரண்டும் இணைந்தன. கொழும்பு கோட்டையிலிருந்து யாழ்ப்பாணம் வரை ஏறத்தாழ 400 கி.மீ.; கப்பலையும் காட்டையும் நம்பியிருந்த பயணம் ஓர் இரவுக்குள் அடங்கியது.

இதன் விளைவை யாழ்ப்பாணச் சமூக வரலாறு எழுதுபவர்கள் இன்னும் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது என் எண்ணம். மிசன் பாடசாலைகளில் ஆங்கிலம் படித்த இளைஞர்கள் முன்பும் தெற்கே உத்தியோகத்துக்குப் போனார்கள்தான். ஆனால் போனவர் ஆண்டுக்கு ஒருமுறை வருவதே அரிதாக இருந்தது. இரவுத் தபால் கோச்சி வந்தபின் அவர் தைப்பொங்கலுக்கும் நல்லூர்த் திருவிழாவுக்கும் வந்து போகலாம். மனைவி பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டுக் கொழும்பில் அறையெடுத்துத் தங்கலாம். ‘மணியோடர் பொருளாதாரம்’ என்று பின்னாளில் சொல்லப்பட்ட வாழ்க்கைக்குப் பள்ளிக்கூடம் ஒரு காலென்றால் புகையிரதம் மறு கால். அரச ஊழியருக்கு இலவசப் பயணத்துக்கான ‘வாறன்ட்’ கிடைத்தது. மாப்பிள்ளை பேசும்போது வாறன்டையும் ஒரு தகுதியாகச் சொன்னவர்களை என் பாட்டியார் கேலி செய்வதுண்டு. யாழ்ப்பாணத்துச் சுருட்டும் புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் பொதிப் பெட்டிகளில் தெற்கே போயின.

எங்கள் வீட்டில் நிலையங்களின் பெயரை வரிசை பிசகாமல் சொல்வது சிறுவர்களுக்கு ஒரு விளையாட்டு. காங்கேசன்துறை, தெல்லிப்பழை, மல்லாகம், சுன்னாகம், இணுவில், கோண்டாவில், கொக்குவில், யாழ்ப்பாணம், நாவற்குழி, சாவகச்சேரி, மீசாலை, கொடிகாமம், எழுதுமட்டுவாள், பளை, ஆனையிறவு, பரந்தன், கிளிநொச்சி, முறிகண்டி, மாங்குளம், புளியங்குளம், ஓமந்தை, வவுனியா. அதற்கு அப்பால் மதவாச்சி, அனுராதபுரம், மாகோ, குருநாகல், பொல்காவலை. மாகோவில் மட்டக்களப்புப் பாதை பிரியும். அந்தப் பாதை கல்ஓயாச் சந்தியில் மீண்டும் பிரிந்து ஒன்று திருகோணமலைக்கும் ஒன்று மட்டக்களப்புக்கும் போகும். இக்கிழக்குப் பாதைகள் 1920களின் பிற்பகுதியில் திறக்கப்பட்டவை. பொல்காவலையைக் கடந்தால் இறால் வடை வரும் என்பதும் எங்கள் புவியியலில் அடக்கம்.

ஒற்றைப் பாதையில் எதிரெதிரே வரும் இரண்டு கோச்சிகள் மோதிக்கொள்ளாமல் எப்படிப் போகின்றன என்று மாணவர்கள் அடிக்கடி கேட்பார்கள். அடுத்தடுத்த இரு நிலையங்களில் மின்கம்பியால் இணைந்த இரு பொறிகள் இருக்கும். அவற்றினுள் வட்டமான உலோகத் தகடுகள். இவற்றுக்கு ‘டேப்லட்’ என்று பெயர். ஒரு நிலையத்தில் ஒரு தகட்டை வெளியே எடுத்துவிட்டால், அது மறு நிலையத்துப் பொறியில் போடப்படும்வரை இரண்டிலிருந்தும் வேறொரு தகட்டை எடுக்க முடியாது. தகடு கையில் இல்லாத சாரதி அந்தத் துண்டுப் பாதையில் நுழையக்கூடாது. பெரிய வளையத்தில் கட்டிய அந்தத் தகட்டை ஓடும் கோச்சியிலிருந்து கையை நீட்டி எட்டிப் பிடிப்பதைப் பார்ப்பதற்கென்றே நாங்கள் மேடையில் நிற்போம்.

தலைமன்னார் வழி

மதவாச்சியிலிருந்து மன்னார் ஊடாகத் தலைமன்னாருக்குப் பாதை 1914இல் திறக்கப்பட்டது. அதே ஆண்டு பெப்ரவரியில் இந்தியப் பக்கத்தில் பாம்பன் பாலமும் திறந்தது. சென்னை எழும்பூரில் ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பல் மாறி, தலைமன்னார் இறங்குதுறையில் காத்திருக்கும் கோச்சியில் ஏறிக் கொழும்பு வரலாம். இதுவே ‘போட் மெயில்’.

வசதியுள்ளவர்களுக்கு அது ஒரு சொகுசுப் பயணம். தோட்டத் தொழிலாளருக்கு அதன் பொருள் வேறு. அவர்களுடைய முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தவர்கள். அந்த வழி நெடுக வாந்திபேதியில் விழுந்து இறந்தவர்களுக்குக் கணக்கில்லை. 1914க்குப் பின் வந்தவர்கள் மண்டபம் முகாமில் மருத்துவப் பரிசோதனை முடிந்து, கப்பலேறி, கோச்சியேறி, நேரே மலைநாட்டு நிலையங்களில் இறங்கினார்கள். நடையில் சாவது நின்றது. அது இப்பாதையின் பெரிய கொடைதான். ஆள் சேர்ப்பதும் இலகுவாயிற்று என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1964 ஒக்டோபர் 30 அன்று சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 525,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்பட வேண்டும். 300,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை. மீதி 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவது. யாரையும் கேட்டு எழுதிய எண்கள் அல்ல இவை. இரண்டு மாதங்கூட ஆகவில்லை. டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. நிலையத்தை நெருங்கிக்கொண்டிருந்த கோச்சியும் அதிலிருந்தவர்களும் கடலுக்குப் போனார்கள். அதன்பின் கப்பல் இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடியது. ஒப்பந்தப்படி அனுப்பப்பட்டவர்கள் அந்தக் கப்பலுக்காகவே மலையகத்து நிலையங்களில் கோச்சி ஏறினார்கள். தாய் ஒரு நாட்டுக்கு, மகள் ஒரு நாட்டுக்கு என்று பிரிந்த குடும்பங்கள் மேடையில் கட்டிப்பிடித்து அழுத அந்தக் கோச்சிக்கு ‘ஒப்பாரிக் கோச்சி’ என்ற பெயர் மலையகத்தில் நிலைத்துவிட்டது. மூன்று, நான்கு தலைமுறைக்கு முன் ஆள்களைக் கொண்டுவந்த வழியே அவர்களைத் திருப்பி அனுப்பும் வழியும் ஆயிற்று. 1980களின் முற்பகுதியில் யுத்தச் சூழலில் கப்பலும் நின்றது.

ரம்பாலா காலம்

சுதந்திரத்துக்குப் பின் இலங்கைப் புகையிரதத்தில் மறக்க முடியாத பெயர் பி. டி. ரம்பாலா. பொறியியலாளராக உள்ளே வந்து 1955இல் பொது முகாமையாளராகி 1970 வரை இருந்தார். நீராவி இயந்திரங்களின் இடத்தில் டீசல் இயந்திரங்களைப் புகுத்தியது அவர் காலத்தில்தான். கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா தந்த இயந்திரங்கள் அவற்றுள் புகழ்பெற்றவை. நீண்ட தூரக் கோச்சிகளுக்கு இலக்கத்துக்குப் பதில் பெயர் வைத்ததும் அவர் காலத்து வழக்கமே. மாத்தறைக்கு ருகுணு குமாரி, மலைநாட்டுக்கு உடரட்ட மெனிக்கே, மட்டக்களப்புக்கு உதயதேவி, வடக்குக்கு யாழ்தேவி. யாழ்தேவி 1956 ஏப்ரலில் தன் ஓட்டத்தைத் தொடங்கியது. அதே ஆண்டு யூனில்தான் தனிச் சிங்களச் சட்டமும் நிறைவேறியது. நாட்டின் இரு முனைகளை இணைக்கும் கோச்சிக்குத் தமிழர் ஊரின் பெயரைச் சூட்டிய அதே ஆண்டு என்பதை வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகள் சற்று யோசிப்பார்கள்.

அதிகாலையில் கோட்டையை விட்டுப் புறப்படும் யாழ்தேவி பிற்பகலில் யாழ்ப்பாணம் வந்துவிடும். நான் முதல் தடவை அதில் போனது எட்டு வயதில், தந்தையாரின் வாறன்டில். ஆனையிறவில் இரு பக்கமும் தண்ணீரும் உப்பும் வெயிலில் மினுங்க, கோச்சி கடலின் மேல் போகிறது என்று நம்பினேன். எதிரே இருந்த சிங்களக் குடும்பம் நாகதீபத்துக்கு, அதாவது எங்கள் நயினாதீவுக்கு, வழிபடப் போய்க்கொண்டிருந்தது. அவர்கள் தந்த கொக்கிஸையும் அம்மா கொடுத்த பனங்கட்டியையும் மாற்றிச் சாப்பிட்டது நினைவிருக்கிறது. பேச்சுக்குப் பொதுவாகப் பத்துச் சொற்கள்கூட இல்லை.

அறுந்தது

1985 ஜனவரியில் முறிகண்டிப் பகுதியில் யாழ்தேவி கண்ணிவெடித் தாக்குதலுக்குள்ளானது. படையினரும் பொதுமக்களும் இறந்தார்கள். அதன்பின் சேவை விட்டுவிட்டு ஓடியது. 1990 யூனில் யுத்தம் மீண்டும் மூண்டபோது வவுனியாவுக்கு வடக்கே கோச்சி முற்றாக நின்றது.

அடுத்து நடந்தது வெறும் நிறுத்தம் அல்ல, பாதையே மறைந்தது. தண்டவாளங்கள் கழற்றப்பட்டன. சிலிப்பர்க் கட்டைகள் பங்கர்களுக்கும் காவலரண்களுக்கும் போயின. கல்லும் போயிற்று. நிலையக் கட்டடங்கள் குண்டு பட்டுக் கூரையிழந்து நின்றன. இடம்பெயர்ந்தவர்கள் பாதையோரத்தில் கொட்டில் போட்டுக் குடியிருந்தார்கள். கொழும்பு போக விரும்பியவர் கிளாலிக் கடலேரியை இரவில் படகில் கடந்தார். பின்னர் கப்பலில் திருகோணமலைக்குப் போனார். 2002இல் ஏ9 வீதி திறந்தது, 2006இல் மூடியது, 2009க்குப் பின் மீண்டும் திறந்தது. கோச்சிக்கு முந்திய நூற்றாண்டின் பயண வழிகள் எல்லாம் திரும்ப வந்துவிட்டன.

அந்த ஆண்டுகளில் நான் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தேன். சமாந்தரக் கோடுகளுக்குப் பாடநூல்கள் எப்போதும் தரும் உதாரணம் தண்டவாளம். 1996 அல்லது 1997ஆக இருக்கலாம். ஆறாம் வகுப்பில் தண்டவாளம் பார்த்தவர்கள் கையை உயர்த்துங்கள் என்றேன். பாதி வகுப்பு உயர்த்தியது. எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டேன். பங்கருக்கு மேல், சேர், என்றான் ஒருவன். இரண்டு மூன்றை நெருக்கமாக அடுக்கி மண்மூட்டை போட்டிருப்பார்கள் என்று கையால் காட்டினான். சமாந்தரம் என்பதை அவன் சரியாகவே விளங்கிக்கொண்டிருந்தான். அதன்மேல் ஏதேனும் ஓடும் என்பதுதான் அவனுக்குப் புதிது.

தெற்கில் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை, பெரலியவில் நின்றுகொண்டிருந்த மாத்தறைக் கோச்சியை அடித்துச் சென்றது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உலக வரலாற்றிலேயே மிகப் பெரிய புகையிரத அனர்த்தமாக இது கருதப்படுகிறது. அப்பாதையைப் புகையிரதத் திணைக்களத்தின் ஊழியர்களே இரவுபகலாக வேலை செய்து சில மாதங்களில் ஓடவைத்தார்கள். பாராட்டப்பட வேண்டிய வேலை. செய்தியைப் படித்தபோது எங்கள் பக்கத்துப் பாதை பதினைந்தாவது ஆண்டாகப் புல் முளைத்துக் கிடந்ததும் நினைவுக்கு வந்தது.

மீண்டும்

யுத்தம் முடிந்தபின் இந்தியக் கடனுதவியில் இந்திய அரச நிறுவனமான இர்கொன் வடபாதையை அடியிலிருந்து புதிதாகப் போட்டது. 2011இல் ஓமந்தை, 2013 செப்டெம்பரில் கிளிநொச்சி, 2014 மார்ச்சில் பளை, 2014 ஒக்டோபர் 13 அன்று யாழ்ப்பாணம், 2015 ஜனவரி 2 அன்று காங்கேசன்துறை. இடைப்பட்ட காலம் இருபத்துநான்கு ஆண்டுகள். தலைமன்னார்ப் பாதையும் 2015 மார்ச்சில் மீண்டும் திறக்கப்பட்டது. தெற்கில் மாத்தறையிலிருந்து பெலியத்தை வரை 2019இல் திறந்த பாதையே சுதந்திரத்துக்குப் பின் புதிதாக நீட்டப்பட்ட முதற் பெரும் பாதை. ஆங்கிலேயர் போட்டதைத் திருத்துவதிலேயே எழுபது ஆண்டுகளைக் கழித்திருக்கிறோம்.

2014 ஒக்டோபரில் யாழ்ப்பாண நிலையத்துக்குப் பார்க்கப் போனவர்களில் நானும் ஒருவன். மேடையில் கூட்டம் இரண்டு விதமாக இருந்தது. ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் பேசாமல் நின்றார்கள்; சிலர் கண்ணைத் துடைத்தார்கள். இருபது, இருபத்தைந்து வயதுடையவர்கள் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இயந்திரம் எவ்வளவு பெரிது என்று சத்தமாக வியந்தார்கள். அவர்களில் சிலர் என்னிடம் படித்தவர்கள். வாழ்க்கையில் முதன்முறையாகக் கோச்சி பார்க்கும் பட்டதாரிகள். கடவையில் படலை மூடியிருக்கும்போது மோட்டார் சைக்கிளை நுழைத்துக்கொண்டு போகக்கூடாது என்பதையும் அந்தத் தலைமுறைக்குப் புதிதாகப் படிப்பிக்க வேண்டியிருந்தது. காவலாளி இல்லாத கடவைகளில் நேர்ந்த உயிரிழப்புகள் வடக்கில் இன்னும் நிற்கவில்லை.

இக்கட்டுரையைப் படிக்கும் மாணவர் எவரேனும் பாதையை நேரில் பார்க்க விரும்பினால், கொழும்பிலிருந்து பதுளைக்கு எல்லோரும் போகிறார்கள். ஒருமுறை தலைமன்னாருக்கும் போய் வாருங்கள். மன்னார்ப் பாலத்தைக் கடந்து, பனையும் உடைமரமும் மணலுமாகப் போகும் பாதை இறங்குதுறை நிலையத்தில் முடிகிறது. நிலையம் புதிது, மேடை சுத்தமாக இருக்கிறது. அதிலிருந்து சிறிது நடந்தால் பழைய இறங்குதுறை கடலுக்குள் நீண்டு சிதைந்து கிடக்கிறது. கோச்சி வந்து நிற்கும். ஆள்கள் இறங்கி ஊருக்குள் போவார்கள். கப்பல் எதுவும் காத்திருக்காது.